எபெட்ஸ் ஃபீல்டு பழைய படத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். நியூயார்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் அங்கே பழைய சாமான் சந்தையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வாங்கியிருக்கிறார். பின்பக்கம் பென்சிலில் ‘எபெட்ஸ் ஃபீல்டு, 1938’ என்று எழுதியிருக்கிறது. படத்தில் ஒரு உயரமான சுவர், அதில் ஸ்கோர்போர்டு, அதன் தலையில் ஷேஃபர் என்ற பீர் விளம்பரம், முன்னால் நம்மைப் பார்த்து நிற்கும் இரண்டு ஆட்டக்காரர்கள், தூரத்தில் புல்லின் மேல் ஏதோ ஒரு கறுப்புப் பொட்டு. இது அந்த மைதானம்தானா, வருடம் சரியா, எப்போதோ இடித்துவிட்ட ஒரு பேஸ்பால் மைதானத்துக்காக அங்குள்ளவர்கள் இன்னும் ஏன் இப்படி உருகுகிறார்கள், படங்களை வைத்தே அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்கிறார்.

மைதானம் அதுதான், சந்தேகமே வேண்டாம். வருடம்தான் தப்பு. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் இடத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தப் படங்களைப் பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நடுவில் நிற்கும் வீரரை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மைதானம் இருப்பது ஓரங்களில். சுவர், நிழல், விளம்பரப் பலகை, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் தெரு, அதையெல்லாம் பார்த்தால்தான் இடம் பிடிபடும்.

எபெட்ஸ் ஃபீல்டு புரூக்ளினில் ஃபிளாட்புஷ் பகுதியில் இருந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் சொந்த மைதானம். சார்லஸ் எபெட்ஸ் என்பவர் அணியின் முதலாளி. அவர் பிக்டவுன் என்று ஊர்க்காரர்கள் அழைத்த ஒரு குப்பைமேட்டுப் பகுதியில் 1908 முதல் துண்டு துண்டாக நிலம் வாங்கினார். மைதானம் வரப்போகிறது என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால் வேறு கம்பெனி பெயரில் ரகசியமாகத்தான் வாங்கினார். 1912 மார்ச்சில் வேலை தொடங்கியது, பணம் பற்றவில்லை, அணியில் பாதிப் பங்கை மெக்கீவர் சகோதரர்கள் என்ற கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றுத்தான் கட்டி முடித்தார். 1913 ஏப்ரல் 5ஆம் தேதி யாங்கீஸ் அணியோடு ஒரு காட்சி ஆட்டம், 9ஆம் தேதி பிலடெல்ஃபியாவோடு முதல் லீக் ஆட்டம். அந்த லீக் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றார்கள். திறப்பு நாளில் கொடியை மறந்துவிட்டார்கள், ஒரு பக்க வாசல் சாவியை மறந்துவிட்டார்கள், பத்திரிகைக்காரர்கள் உட்கார இடம் கட்டவே மறந்துவிட்டார்கள் என்றெல்லாம் கதை சொல்வார்கள். பத்திரிகைக்காரர்களுக்கென்று தனி இடம் 1929இல்தான் வந்தது, ஆகவே அந்தக் கதையில் ஓரளவு உண்மை இருக்கத்தான் செய்கிறது.

முக்கியமான விஷயம் என்னவென்றால் மைதானம் முழுவதும் நான்கு தெருக்களுக்கு நடுவே ஒரே ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. தெற்கே சல்லிவன் பிளேஸ், மேற்கே மெக்கீவர் பிளேஸ், வடக்கே மான்ட்கோமரி தெரு, கிழக்கே பெட்ஃபோர்டு அவென்யூ. மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட் தென்மேற்கு மூலையில். அங்கிருந்து பார்த்தால் வலப்பக்கக் கோடு சல்லிவன் பிளேஸை ஒட்டிக் கிழக்கே போய் பெட்ஃபோர்டு அவென்யூவில் முட்டும். அந்தத் தூரம் வெறும் 297 அடி. இடப்பக்கம் கடைசிக் காலத்தில் 348 அடி. கிரிக்கெட்டில் ஒரு பக்க பவுண்டரி சின்னதாக இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும், இங்கேயும் அதே கதைதான். ஹோம் ரன்கள், அதாவது சுவரைத் தாண்டிப் போகும் அடிகள், மளமளவென்று விழாமல் இருக்க வலப்பக்கச் சுவரை உயர்த்தினார்கள். சுவர் ஒரு 19 அடி, அதற்கு மேல் இன்னொரு 19 அடி கம்பிவலை, மொத்தம் 38 அடி. சுவர் நேராகவும் இல்லை. கீழ்ப்பாதி சாய்வு, மேல்பாதி செங்குத்து, நடுவில் ஸ்கோர்போர்டு வேறு துருத்திக்கொண்டு நிற்கும். பந்து எங்கே பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்ல் ஃபுரில்லோ என்ற ரைட் ஃபீல்டர் (வலப்பக்க வெளிக்களத்தில் பந்து தடுப்பவர்) பல வருடம் அந்தச் சுவரைப் பழகியே பெயர் வாங்கினார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால் எபெட்ஸ் ஃபீல்டை எந்தப் படத்திலும் அடையாளம் காட்டிக்கொடுப்பது இந்தச் சுவர்தான். உங்கள் படத்தில் சுவர் பாதி உயரத்தில் மடிந்தது போல ஒரு கோடு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அது கறையோ படத்தின் மடிப்போ இல்லை, சாய்வு முடிந்து செங்குத்து தொடங்கும் இடம். இதே சுவரை வைத்து இன்னொரு சோதனையும் செய்யலாம். பழைய நெகட்டிவை மாற்றிப் போட்டு அச்சடித்த படங்கள் நிறைய சுற்றுகின்றன. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்டாண்டிலிருந்து களத்தைப் பார்த்து எடுத்த படத்தில் ஸ்கோர்போர்டு சுவர் இடப்பக்கம் இருந்தால், எழுத்து எதுவும் தெரியாவிட்டாலும், படம் திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். வெயிலும் உதவும். பிற்பகல் ஆட்டம், சூரியன் தென்மேற்கிலிருந்து மேற்கே இறங்கும், ஆகவே ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்டாண்டின் நிழல்தான் மெதுவாகக் களத்துக்குள் நீளும். பெட்ஃபோர்டு அவென்யூ பக்கத்திலிருந்து நிழல் உள்ளே விழுகிற பிற்பகல் படம் என்று யாராவது காட்டினால் நம்ப வேண்டாம்.

சரி, வருடத்துக்கு வருவோம். 1938 என்று எழுதியவர் ஏன் அந்த வருடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று ஊகிக்கலாம். அந்த வருடம் ஜூன் 15ஆம் தேதி எபெட்ஸ் ஃபீல்டில் முதல்முறையாக விளக்கு வெளிச்சத்தில் இரவு ஆட்டம் நடந்தது. வந்த அணி சின்சினாட்டி. அவர்களுடைய பிட்ச்சர், அதாவது பந்தெறிபவர், ஜானி வாண்டர் மீர், நான்கு நாள் முன்னால்தான் எதிரணிக்கு ஒரு ஹிட் கூட (மட்டையாளர் பந்தை அடித்து, ஓட்டப் பாதையின் நிறுத்தமான ஒரு பேஸையாவது எட்டுவது) கொடுக்காமல் ஒரு ஆட்டத்தை முடித்திருந்தார், இங்கேயும் வந்து அதையே செய்தார். அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் அப்படிச் செய்த ஆள் அவருக்கு முன்னும் இல்லை, இன்றுவரை பின்னும் இல்லை. ஆகவே விளக்குக் கோபுரம் தெரிகிற படத்தைப் பார்த்தாலே விற்பவர்களுக்கு 1938 என்று எழுதக் கை துறுதுறுக்கும், விலையும் கொஞ்சம் ஏறும். ஆனால் கோபுரம் தெரிந்தால் படம் 1938 ஜூனுக்குப் பிந்தையது என்பது மட்டும்தான் உறுதி. எவ்வளவு பிந்தையது என்பதை வேறு தடயங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் படத்தில் அந்தத் தடயம் பீர் விளம்பரம். ஷேஃபர் பலகை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. அது சும்மா விளம்பரமும் இல்லை. மட்டையாளர் அடித்த பந்து ஹிட்டா, தடுப்பவரின் பிழையா என்று ஸ்கோர் எழுதுபவர் முடிவு செய்ததும் அந்த நிறுவனப் பெயரில் உள்ள ஹெச் எழுத்தோ ஈ எழுத்தோ எரியும். ஹெச் என்றால் ஹிட், ஈ என்றால் எர்ரர். நல்ல தெளிவான அச்சாக இருந்தால் அந்த இரண்டு எழுத்துகளில் ஒன்று மற்றவற்றை விட வெளிச்சமாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், படம் எடுத்த நொடியில் களத்தில் என்ன நடந்தது என்று கூடத் தெரிந்துவிடும்.

ஆக, போருக்குப் பிறகு. எவ்வளவு பிறகு? இங்கேதான் புல்லில் கிடக்கும் அந்தக் கறுப்புப் பொட்டு வருகிறது. பறவையா, கறையா என்று கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் கையுறை. அந்தக் காலத்தில் ஒரு அணி களத்தில் தடுப்பதை முடித்து மட்டை பிடிக்கப் போகும்போது கையுறையைக் கையோடு கொண்டுபோக மாட்டார்கள், புல்லிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். எதிரணி ஆட்டக்காரர்கள் அதற்கு நடுவேதான் ஓடி ஆடுவார்கள். 1954இல் விதி போட்டு இதை நிறுத்தினார்கள். எனவே ஆட்டம் நடக்கும்போது புல்லில் அனாதையாகக் கையுறை கிடந்தால் படம் 1954க்கு முந்தையது. பழைய பேஸ்பால் படங்களில் எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான், ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் எல்லாப் படத்திலும் அதைத்தான் தேடுவோம்.

அடுத்தது சட்டை. டாட்ஜர்ஸ் சட்டையில் முன்பக்கம் பெயருக்குக் கீழே சிவப்பில் சின்னதாக எண் போடுவது 1952இல் தொடங்கியது. முதுகில் எண் 1932 முதல் உண்டு. ‘டாட்ஜர்ஸ்’ என்று நெஞ்சில் சாய்வாக, கையெழுத்து மாதிரி ஓடும் எழுத்து 1938 முதல். உங்கள் படத்தில் இருவரும் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள், நெஞ்சில் அந்த எழுத்து இருக்கிறது, எண் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் போர் முடிந்ததற்கும் 1951க்கும் நடுவில் ஏதோ ஒரு கோடை. 1938 அடிபட்டுப் போகிறது.

இதற்கு மேல் தேதியையே பிடிக்கலாம், ஸ்கோர்போர்டு தெளிவாக இருந்தால். அதில் இந்த ஆட்டத்தின் கணக்கு மட்டும் இல்லை, அன்று மற்ற ஊர்களில் நடக்கும் ஆட்டங்களின் கணக்கும் இருக்கும். அப்போது மொத்தம் 16 அணிகள்தான். எந்த ஊர் எந்த ஊரோடு ஆடுகிறது, எத்தனை ரன் என்று மூன்று நான்கு வரி படிக்க முடிந்தால் போதும், அந்தச் சேர்க்கை அநேகமாக ஒரே ஒரு நாளுக்குத்தான் பொருந்தும். ரெட்ரோஷீட் என்ற தன்னார்வலர் அமைப்பு பல்லாயிரம் பழைய ஆட்டங்களின் முழுக் கணக்கையும் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. தேதிவாரியாகப் பார்த்தால் பிடித்துவிடலாம். ஸ்கோர்போர்டின் மேல் கடிகாரம் தெரிந்தால் நேரமும் கிடைக்கும். 1946 மே 30ஆம் தேதி பாஸ்டன் பிரேவ்ஸ் அணியின் பாமா ரோவல் அடித்த பந்து அங்கிருந்த புலோவா கடிகாரத்தில் பட்டுக் கண்ணாடி நொறுங்கிக் கீழே நின்ற ஆட்டக்காரர் மேல் கொட்டியது. கடிகாரத்தில் அடிப்பவருக்கு ஒரு கைக்கடிகாரம் இலவசம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ரோவலுக்கு அது கிடைக்க 1987 வரை ஆனது. நல்ல கம்பெனி!

ஸ்கோர்போர்டின் அடியில் நீளமாக ஒரு பலகை தெரிகிறதா பாருங்கள். ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரருடையது. இந்தப் பலகையில் பந்தை அடித்தால் ஒரு சூட் இலவசம் என்று எழுதியிருக்கும். தரையோடு ஒட்டிய அந்தப் பலகைக்கு முன்னாலேயே ரைட் ஃபீல்டர் நிற்பதால் பந்து அங்கே போய்ச் சேருவது அபூர்வம், ஆகவே ஸ்டார்க்குக்குச் செலவே இல்லாத விளம்பரம். அந்தப் புகழிலேயே அவர் பின்னால் புரூக்ளின் பரோ (நியூயார்க் நகரத்தின் நிர்வாகப் பகுதி) தலைவராகவும் வந்துவிட்டார்.

இப்போது படம் எடுத்தவர்கள் பக்கம். எது எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியாமல் இந்த மைதானத்தைப் பற்றி முடிவுக்கு வந்தால் ஏமாந்துவிடுவோம். மிகப் பழைய படங்கள், 1913ஐ ஒட்டியவை, ஜார்ஜ் கிரந்தம் பெய்ன் நடத்திய செய்திப்பட நிறுவனத்துடையவை. கண்ணாடித் தகட்டில் எடுத்தவை. சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவ்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்தில் பெரிய அளவில் பார்க்கலாம். எபெட்ஸின் மகள் ஜெனிவீவ் திறப்பு நாளில் முதல் பந்தை எறியும் படம் அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், நான் சொன்ன மாதிரி அவரை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். இந்தப் படங்களில் தலைப்பைக் கண்ணாடியிலேயே கீறி எழுதியிருப்பார்கள், அவசரத்தில் பெயர் தப்பும், வருடமும் தப்பும். 2008 முதல் அந்த நூலகம் ஃபிளிக்கர் என்ற படத்தளத்தில் இவற்றைப் போட ஆரம்பித்ததும் அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்துக்காரர்கள் உட்பட நிறையப் பேர் ஒவ்வொரு படமாகப் பார்த்துத் திருத்தினார்கள். அந்தக் காலத் தகடு சிவப்பை உணராது, நீலத்தை அதிகமாக உணரும். சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும். வானம் எப்போதும் வெள்ளையாக இருப்பது அதனால்தான். இன்று கணினியில் நிறம் ஏற்றிய படங்களைப் போட்டு ‘அப்போது இப்படித்தான் இருந்தது’ என்கிறார்களே, அவற்றில் சட்டை நிறத்தையும் தொப்பி நிறத்தையும் நம்பவே நம்பாதீர்கள்.

பின்னால் வந்த பத்திரிகைப் படங்களில் வேறு வகை ஏமாற்று உண்டு. ‘பிக் பெர்த்தா’ என்று செல்லமாக அழைத்த பெரிய காமிராவில் நீண்ட லென்ஸ் போட்டு மேலிருந்து எடுப்பார்கள். நீண்ட லென்ஸ் தூரத்தைச் சுருக்கும். ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தால் நன்றாகத் தள்ளியிருக்கும் சுவர் இரண்டாவது பேஸுக்குப் பின்னால் ஒட்டி நிற்பது போல இருக்கும். ‘என்ன அழகு, எவ்வளவு நெருக்கம், வீட்டு முற்றத்தில் ஆடுவது மாதிரி’ என்று இன்று சொல்லும் பாதிப் பேர் லென்ஸைத்தான் பாராட்டுகிறார்கள். மைதானம் சின்னதுதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவ்வளவு சின்னதில்லை. இதற்கு நேர்மாறாக, சுழன்று எடுக்கும் காமிராவின் நீளப் படங்களில் நேர்க்கோட்டில் இருக்கும் ஸ்டாண்டு வில் மாதிரி வளைந்து தெரியும், இடம் பிரம்மாண்டமாகத் தோன்றும்.

புகழ்பெற்ற படங்களில் பலவும் எபெட்ஸ் ஃபீல்டில் எடுத்தவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1951இல் தோற்றுவிட்டு உடைமாற்றும் அறைப் படிக்கட்டில் குப்புறப் படுத்து அழும் டாட்ஜர்ஸ் பிட்ச்சர் ரால்ஃப் பிராங்காவின் படத்தை எடுத்தவர் டாட்ஜர்ஸின் புகைப்படக்காரர் பார்னி ஸ்டைன்தான், ஆனால் இடம் மன்ஹாட்டனில் இருந்த போலோ கிரவுண்ட்ஸ். 1955 உலகத் தொடரில் (அந்த வருடத்தின் சாம்பியனை முடிவு செய்யும் கடைசித் தொடர்) ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் ஹோம் பிளேட்டைத் திருடி, அதாவது பந்து அடிபடாமலேயே ஓடி வந்து பிடித்து, விழும் படம் யாங்கீ ஸ்டேடியம். அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டம், புரூக்ளின் வென்ற ஒரே உலகத் தொடரின் கடைசி ஆட்டம், அதுவும் யாங்கீ ஸ்டேடியத்தில்தான். 1956, 57இல் சொந்த மைதான ஆட்டங்களில் 15ஐ ஜெர்சி சிட்டியில் போய் ஆடினார்கள், ஆகவே அந்த இரண்டு வருடப் படம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். எபெட்ஸ் ஃபீல்டுக்கே உரிய பெரிய படங்கள் என்றால் 1947 ஏப்ரல் 15 ஒன்று. ராபின்சன் முதல்முறை ஆடிய நாள், அணி உட்காரும் டக்அவுட் படியில் சக ஆட்டக்காரர்கள் ஜார்கென்சன், ரீஸ், ஸ்டாங்கி ஆகியோரோடு அவர் நிற்கும் படம். நவீன காலத்தில் வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த ஒரு பெரிய லீக்கில் அந்தத் தடை உடைந்தது இந்தக் கட்டடத்தில்தான், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும். அதே வருடம் அக்டோபர் 3ஆம் தேதி உலகத் தொடரில் யாங்கீஸின் பில் பெவென்ஸ் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஒன்பதாவது இன்னிங்ஸில் கடைசி ஆள் வரை வந்துவிட்டார், குக்கி லாவகெட்டோ அடித்த பந்து அந்த வலப்பக்கச் சுவரில் பட்டு எகிறியது, இரண்டு ரன், ஆட்டம் முடிந்தது, 3-2. அதன் படங்களில் லாவகெட்டோவைத் தோளில் தூக்குவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சுவர் வந்த படங்களைத் தேடிப் பாருங்கள், பந்து எகிறிய கோணம் புரியும்.

இனி உருகும் விஷயம். இதில் என் கருத்தைக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறேன். உலகத் தொடர் நாட்களின் நிரம்பி வழியும் கூட்டம், மாட்டுமணி ஆட்டிக்கொண்டு கத்தும் ஹில்டா செஸ்டர் என்ற ரசிகை, ஓசை எழுப்பும் ரசிகர் வாத்தியக் குழு, இவையெல்லாம் மறுபடி மறுபடி அச்சாவதால் எபெட்ஸ் ஃபீல்டு தினமும் திருவிழாவாக இருந்த மாதிரி ஒரு எண்ணம் வந்துவிட்டது. சுமார் 32,000 பேர் உட்காரும் இடம். 1947இல் அந்த வருடம் முழுவதும் 18 லட்சம் பேர் வந்தார்கள், 1957இல் 10 லட்சத்துச் சொச்சம். கடைசி ஆட்டம் 1957 செப்டம்பர் 24, பிட்ஸ்பர்க்கை 2-0 என்று வென்றார்கள், பார்க்க வந்தவர்கள் 6,702 பேர். அன்றைய படங்களில் காலி நாற்காலிகள்தான் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. ‘நான் அங்கே இருந்தேன்’ என்று பின்னால் சொன்னவர்கள் எல்லோரையும் உட்கார வைக்க அந்த மைதானம் போதாது.

இதை ரசிகர்கள் மேல் பழி போடச் சொல்லவில்லை. 1957 முழுக்க அணி ஊரை விட்டுப் போகப்போகிறது என்று பேச்சு, யாருக்குப் போகத் தோன்றும்? அப்போதைய முதலாளி வால்டர் ஓ'மேலிக்குப் பிரச்சினை வேறு. அந்த ஒற்றைத் தெருக்கட்டத்தில் கார் நிறுத்த சுமார் 700 இடம்தான், ரசிகர்களோ புறநகருக்குக் குடிபோய்க் கார் வாங்கியிருந்தார்கள். மில்வாக்கியில் புது மைதானத்துக்கு வருடம் 20 லட்சம் பேர் வருவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஃபிளாட்புஷ், அட்லான்டிக் அவென்யூக்கள் சந்திக்கும் இடத்தில் புது மைதானம் கட்ட நிலம் கேட்டார், நகரக் கட்டுமானங்களைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் ஒத்துக்கொள்ளவில்லை. யார் மேல் அதிகத் தப்பு என்று புரூக்ளினில் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஓ'மேலி மைதானத்தை 1956இலேயே மார்வின் கிராட்டர் என்ற ரியல் எஸ்டேட்காரருக்கு விற்றுவிட்டார் என்பதை மட்டும் நான் ஞாபகப்படுத்துவேன். விற்ற பிறகு வாடகைக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1958இல் அணி லாஸ் ஏஞ்சலிஸில்.

ஆகவே உருக்கம் கட்டடத்தின் அழகுக்காக என்று நான் நினைக்கவில்லை. அழகான பகுதி என்றால் நுழைவு வட்டமண்டபம்தான். 80 அடி விட்டம், இத்தாலியப் பளிங்கு, பந்தின் தையல் மாதிரி தரையில் வடிவம், மேலே பேஸ்பால் மட்டைகளைக் கிளைகளாக வைத்து நுனியில் பந்து வடிவ விளக்குகள் தொங்கும் சரவிளக்கு. 2009இல் திறந்த நியூயார்க்கின் சிட்டி ஃபீல்டு மைதானத்தின் ஜாக்கி ராபின்சன் மண்டபம் இதைப் பார்த்துக் கட்டியதுதான், நீங்கள் நியூயார்க்கிலேயே இருப்பதால் போய்ப் பார்க்கலாம், பழையதை விடப் பெரிது, பளபளப்பும் அதிகம். ஆனால் ஒரு ஊர் தன் அணியை இழந்ததும் மைதானத்தை இழந்ததும் இரண்டரை வருடத்துக்குள் நடந்துவிட்டது, அதுதான் வலி. பிட்ஸ்பர்க்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டும் இடிபட்டது, ஆனால் அணி ஊரிலேயே இருந்தது, சுவரின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. புரூக்ளினுக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை.

இடித்தது 1960 பிப்ரவரி 23. அந்தப் படங்களை நான் அதிகம் விரும்புவதில்லை. இடிக்கும் இரும்புக் குண்டுக்கு வெள்ளை அடித்து, சிவப்பில் தையல் வரைந்து, பேஸ்பால் மாதிரி ஆக்கியிருந்தார்கள். தேசிய கீதம் பாடினார்கள். விபத்தில் முடங்கிச் சக்கர நாற்காலியில் இருந்த டாட்ஜர்ஸின் பழைய கேட்ச்சர் ராய் காம்பனெல்லாவைக் கூட்டிவந்து மைதானத்து மண்ணை ஒரு கலசத்தில் கொடுத்தார்கள். படம் பிடிக்கவே நடத்திய நிகழ்ச்சி. அதே குண்டை 1964இல் போலோ கிரவுண்ட்ஸை இடிக்கவும் கொண்டுபோனார்கள். ஆனால் அடுத்த சில வாரங்களில் எடுத்த, விழா எதுவும் இல்லாத படங்கள் அருமையானவை. ஸ்டாண்டு பாதி போனதும் அதுவரை மறைந்திருந்த இரும்புத் தூண்கள், சாய்தளங்கள், பின்னாலிருக்கும் குடியிருப்புகள் எல்லாம் வெளியே தெரியும். கட்டடம் எப்படி நின்றது என்று தெரிய வேண்டுமானால் அவற்றைப் பாருங்கள்.

அந்த இடத்தில் 1962இல் எழுந்தவை சுமார் 1,300 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள். எபெட்ஸ் ஃபீல்டு அபார்ட்மென்ட்ஸ் என்றே பெயர். சுவரில் ஒரு கல் இருக்கிறது, இங்கே பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்பும் இருந்ததாகப் பலர் படம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன, வாசலில் காமிராவோடு நிற்பவர்கள் அவர்களுக்குச் சலித்துப் போயிருப்பார்கள். தெருவில் நின்று பாருங்கள், அது போதும். நான்கு தெருக்களும் அப்படியே இருக்கின்றன. சல்லிவன், மெக்கீவர் சந்திப்பில் நின்றால் வட்டமண்டபத்தின் வாசல் இருந்த இடம். சல்லிவன் பிளேஸில் பெட்ஃபோர்டு அவென்யூ வரை நடந்தால் ஹோம் பிளேட்டிலிருந்து சுவர் எவ்வளவு தூரம் என்று கால் சொல்லிவிடும், எந்த லென்ஸும் சொல்லாதது அது.

போவதற்கு முன் நகர ஆவணக் காப்பகத்தின் வரிப் படங்களைப் பாருங்கள். 1939 முதல் 1941 வரை வரி மதிப்பீட்டுக்காக நியூயார்க்கின் ஐந்து பரோக்களிலும் இருந்த ஒவ்வொரு கட்டடத்தையும் படமெடுத்தார்கள், மனை எண் எழுதிய பலகை பக்கத்தில் இருக்கும். கலை நோக்கம் எதுவும் கிடையாது, அதனாலேயே நம்பலாம். மைதானத்தைச் சுற்றியிருந்த கடைகளும் வீடுகளும் அதில் கிடைக்கும், உங்கள் படத்தில் வலைக்கு மேலே தெரியும் கூரையை அவற்றோடு பொருத்திப் பார்த்தால் காமிரா எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கலாம். நகரத்தின் இணைய வரைபடத்தில் 1924, 1951 வான்படங்களும் உண்டு. புரூக்ளின் பொது நூலகத்தில் 1955இல் நின்றுபோன புரூக்ளின் ஈகிள் பத்திரிகையின் படக்கிடங்கு இருக்கிறது, உங்கள் படமே அங்கே இன்னொரு பிரதியாக, சரியான தேதியோடு இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கடைசியாக ஒன்று. பின்பக்கம் எழுதியிருக்கும் ‘1938’ தப்பு என்று தெரிந்துவிட்டதால் அதை அழித்துவிடாதீர்கள், அது அந்தப் படம் யார் கையிலெல்லாம் இருந்தது என்பதன் ஒரு பகுதி. பேனாவும் வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். நீங்கள் கண்டுபிடிக்கும் தேதியைத் தனித்தாளில் எழுதி அமிலமில்லாத உறையில் படத்தோடு வையுங்கள். ஸ்கோர்போர்டை மட்டும் 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்து அனுப்புங்கள், மற்ற ஊர் ஆட்டக் கணக்கில் இரண்டு வரி படிக்க முடிந்தாலும் தேதியைத் தேடிப் பார்த்துவிடலாம்.